பாயை வெட்டும் வாளும் பட்டை வெட்டிய கதையும்

லண்டனில் இருக்கும் சாச்சாவின் மகன் போன நோன்புப் பெருநாளைக்கு அனுப்பிய வீடியோ எங்கள் வீட்டில் பெரும் பேச்சாகிவிட்டது. அவனது இரண்டு கையிலும் ஒரு நீண்ட வாள். எதிரே கட்டையில் செருகி நிறுத்திய ஈரப்பாய்ச் சுருள். ஒரே வீச்சு, பாயின் மேல்பாதி சரிந்து விழுகிறது. உம்மா பார்த்துவிட்டு, "நல்ல பாயை ஏன்டா இவன் வெட்டுறான்?" என்றார். பன்பாய் இழைத்துப் பழகிய கை அவருக்கு.

அவன் பழகுவது ஐரோப்பாவின் பழைய வாட்போர். 1400களின் தொடக்கத்தில் இத்தாலியின் ஃபியோரே டெய் லிபேரி போன்றவர்கள் எழுதிவைத்த சண்டைச் சுவடிகளைப் பார்த்து, மறைந்துபோன வித்தையை மீட்டெடுக்கும் முயற்சி. அதில் வெட்டுப் போட்டியும் உண்டு. சொன்ன கோணத்தில் வெட்டினானா, வெட்டிய முகம் சீராக இருக்கிறதா, வாள் கட்டுப்பாட்டில் நின்றதா என்று நடுவர்கள் பார்ப்பார்கள். அடுத்த போட்டிக்குச் சொந்த வாள் வாங்கப் போகிறானாம். செய்தி பரவியதும் எங்கள் கிழக்குக் கரை ஊரான அட்டாளைச்சேனையில் ஆளுக்கொரு ஆலோசனை. கோணாவத்தைப் பக்கம் தேநீர்க் கடையில் நான் கேட்டவற்றில் பாதிக்குமேல் கதை. அந்தக் கதைகளைத்தான் இங்கே பிரித்துப் பார்க்கிறேன்.

முதலில் வருவது ஸலாஹுத்தீன் ஐயூபி. ரிச்சர்ட் மன்னன் தன் கனத்த வாளால் இரும்புத் தண்டை வெட்டிக் காட்டினானாம். ஸலாஹுத்தீன் சிரித்துவிட்டு, மெல்லிய பட்டுத் துணியைத் தன் வளைந்த வாளால் அந்தரத்திலேயே இரண்டாக்கினாராம். இந்தக் கதையைச் சின்ன வயதில் நானும் வாய்பிளந்து கேட்டிருக்கிறேன். அண்மையில் மேடையிலும் கேட்டேன். அது நடக்கவே இல்லை. அந்த இருவரும் ஒருவரையொருவர் நேரில் சந்தித்ததே கிடையாது. தூதர்கள் வழியாகவும், ஸலாஹுத்தீனின் சகோதரர் அல்ஆதில் வழியாகவும் பேசித்தான் 1192இல் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். பட்டுத்துணிக் காட்சியை எழுதியவர் ஸ்கொட்லாந்து நாவலாசிரியர் வால்டர் ஸ்கொட். 1825இல் வெளிவந்த 'த டலிஸ்மான்' நாவலில் அது இருக்கிறது. ஒரு கிறிஸ்தவ நாவலாசிரியரின் கற்பனையை நாம் நம் வரலாறென்று பெருமையோடு சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஸலாஹுத்தீனின் பெருமைக்கு ஜெரூசலத்தை மீட்டபோது அவர் நடந்துகொண்ட முறை போதும், பட்டுத்துணி தேவையில்லை.

இந்தக் கதையிலிருந்து இன்னொரு பிழையும் பிறக்கிறது. வளைந்த வாள் வெட்டும், நேரான வாள் இடிக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். வளைவு வெட்டுக்கு உதவுவது உண்மைதான். வீச்சோடு சேர்ந்து விளிம்பு இழுபட்டுப் போகிறது. ஆனால் அகலமான, மெல்லிய நேர் வாளும் ஈரப்பாயைச் சுத்தமாகத் துண்டாக்கும். சாச்சாவின் மகன் வீடியோவில் வைத்திருந்தது நேர் வாள்தான்.

அடுத்தது நம் மண்ணின் பெருமை. "டமஸ்கஸ் வாளென்றால் அது சரந்தீப் இரும்புதானே, அதையே வாங்கச் சொல்லுங்க" என்றார் ஒரு காக்கா. இதில் உண்மையும் இருக்கிறது, மிகையும் இருக்கிறது. உண்மை பெரியது என்பதால் அதை முதலில் சொல்கிறேன்.

ஒன்பதாம் நூற்றாண்டில் பக்தாதில் வாழ்ந்த தத்துவ அறிஞர் அல்கிந்தீ, கலீபா அல்முஃதஸிமுக்காக வாள்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். எந்த நாட்டு உருக்கு, அதன் மேல் ஓடும் நீரோட்டம் போன்ற வரிகள் எப்படி இருக்கும் என்று வகை வகையாகப் பிரித்தார். அந்தப் பட்டியலில் சரந்தீப் வாளுக்குத் தனி இடம் உண்டு. நம் தீவின் உருக்கைக் கொண்டுபோய் வேறு நாடுகளிலும் வாள் அடித்தார்கள். ஆனால் அல்கிந்தீ முதல்தர வரிசையில் வைத்தவை யமன், கலஈ, ஹிந்த் வாள்கள். சரந்தீப் அதற்கு அடுத்த படியில்தான் வருகிறது. மேற்கோள் காட்டுகிறவர்கள் இந்தப் பாதியை வசதியாக விழுங்கிவிடுகிறார்கள்.

அந்த உருக்கு எப்படி உருவானது என்பதற்கு விடை பலாங்கொடைக்கு அப்பால், சமனலவெவ மலைச்சரிவுகளில் கிடைத்தது. நீர்த்தேக்கம் நிரம்புவதற்கு முன் அங்கே ஆய்வு செய்த கில் ஜூலெஃப் என்ற பிரித்தானியத் தொல்லியலாளர், மேற்குப் பார்த்து வரிசையாக அமைந்த உலைகளைக் கண்டார். துருத்தி ஊதும் ஆளே தேவைப்படாத உலைகள். தென்மேல் பருவக்காற்று மலைமுகட்டில் ஏறும் வேகத்திலேயே அவை எரிந்தன. அவர் அதே மாதிரி உலையொன்றைக் கட்டி எரித்துப் பார்த்து, கரிமம் மிகுந்த உருக்கு உண்மையிலேயே கிடைப்பதைக் காட்டினார். 1996இல் 'நேச்சர்' ஆய்விதழில் அது வெளியானது. அந்த உலைகளின் காலம் 7ஆம் நூற்றாண்டு முதல் 11ஆம் நூற்றாண்டு வரை. அல்கிந்தீ எழுதிய காலமும் அதற்குள்தான் விழுகிறது. அந்தக் காற்றுதான் மலையின் அந்தப் பக்கம் ஈரத்தை உதிர்த்துவிட்டு, நம் பக்கம் கச்சானாக வந்து வயலையும் உதட்டையும் வெடிக்க வைக்கிறது. கச்சானைத் திட்டும்போது இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

இனி மிகை. இன்று 'டமஸ்கஸ்' என்று விற்பவற்றில் பெரும்பாலானவை இரண்டு வகை உருக்கை அடுக்கி, மடித்து, அடித்து வரிபோட்டவை. அழகானவை, ஆனால் பழைய உருக்கு அல்ல. பழைய வாளின் வரிகள் உருக்குக்குள்ளேயே கரிமச் சேர்மங்கள் வரிசை கட்டியதால் வந்தவை. எந்த வரியும் பாயை வெட்டித் தராது. இன்று லொறி வில்லுத் தகட்டுக்குப் பயன்படும் வகை உருக்கிலேயே, வெப்பப் பதம் சரியாக இருந்தால், அருமையான போட்டி வாள்கள் செய்கிறார்கள். சூட்டில் காய்ச்சி, குளிர்வித்து, மீண்டும் அளவாகச் சூடேற்றும் அந்தப் பதம் பிசகினால் எவ்வளவு உயர்ந்த உருக்கும் ஒன்றில் முறியும், அல்லது வளையும்.

"கனம் இருந்தால்தானே வெட்டு விழும்?" இது தேநீர்க் கடையின் ஒருமித்த தீர்ப்பு. சினிமாவில் வாளைத் தூக்கவே இரண்டு பேர் வேண்டும். அருங்காட்சியகத் தராசு வேறு சொல்கிறது. இரண்டு கைகளாலும் பிடிக்கும் ஐரோப்பிய நீள்வாள் பெரும்பாலும் 1.2 முதல் 1.8 கிலோவுக்குள். ஒற்றைக்கை வாள் ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டும். பத்துக் கிலோ வாளை எவரும் போருக்குக் கொண்டுபோகவில்லை. எடையை இருமடங்காக்கினால் அடியின் ஆற்றல் இருமடங்காகும். வேகத்தை இருமடங்காக்கினால் நான்கு மடங்காகும். கனத்த வாள் கையை மெதுவாக்குகிறது, மூன்றாவது வெட்டில் மணிக்கட்டைத் திருப்பிவிடுகிறது. தாக்கத்தியால் ஒரு நாள் வேளாண்மை வெட்டியவருக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஏனோ வாளென்று வந்தால் அந்த அறிவு மறந்துபோகிறது.

வெட்டு விழாததற்கு உண்மையான காரணம் பெரும்பாலும் கைதான். விளிம்பு பார்க்கும் திசையும் வாள் போகும் திசையும் ஒன்றாக இருக்க வேண்டும். சில பாகை பிசகினாலும் அலகு பாய்க்குள் நெளிந்து, வெட்டிய முகம் குழிந்துபோகும். இல்லாவிட்டால் பாய் வெட்டுப்படாமல் தட்டுப்பட்டு விழும். எங்கள் பக்கத்துச் சண்டைக்கலையான சீனடி பழகிய நண்பர் ஒருவர், "கம்பு சுழற்றத் தெரிந்தவனுக்கு வாள் என்ன பெரிய விசயம்" என்றார். கால் வைப்பு, தூரம் அளப்பது, தோளைத் தளர்த்துவது எல்லாம் சீனடியில் கிடைக்கும், மறுக்கவில்லை. ஆனால் கம்பு உருண்டை. அதற்கு விளிம்பு இல்லை, எந்தப் பக்கம் பட்டாலும் அடிதான். நல்ல வாளின் பிடி நீள்வட்டமாக இருப்பது விளிம்பு எந்தப் பக்கம் நிற்கிறது என்பதை இருட்டிலும் உள்ளங்கை அறிவதற்காக. வாங்கும்போது முதலில் பிடியைப் பார்க்கச் சாச்சாவின் மகனுக்குச் சொல்லியிருக்கிறேன்.

"வாழையை ஒரே வெட்டில் விழுத்தினால் அது நல்ல வாள்" என்கிறார்கள். வாழைத்தண்டு பாதிக்குமேல் தண்ணீர். மொட்டைக் காட்டுக்கத்தியாலும் விழும், வெட்டுகிறவனுக்குப் பொய்யான தைரியத்தையும் தரும். அதனால்தான் பாய். ஜப்பானியர் தரைவிரிப்பின் மேல்பாயைச் சுருட்டிக் கட்டி, தண்ணீரில் ஊறவைத்து வெட்டுவார்கள். அந்த நார் கையின் சிறு பிசகையும் காட்டிக்கொடுத்துவிடும். இது ஐரோப்பியச் சுவடிகளில் இல்லாத பழக்கம், ஜப்பானிடமிருந்து இந்தக் காலத்தில் கடன் வாங்கியது. உம்மாவின் கேள்விக்கு இதுதான் பதில். அவருக்கு இன்னும் திருப்தியில்லை.

வாளின் வடிவத்துக்கு வருவோம். பழைய ஐரோப்பிய வாள்களை வகைப்படுத்திய ஆங்கிலேய ஆய்வாளர் யூவர்ட் ஓக்ஷொட் அவற்றுக்கு ரோம எண்கள் இட்டார். அவருடைய பதின்மூன்றாம் வகையின் நீள்வாள் அகலமானது, விளிம்புகள் ஏறக்குறைய இணையாக ஓடும், முனை மழுங்கலாக வளையும். பதினைந்தாம் வகையோ ஊசிபோல் குறுகும், நடுவில் தடித்த முகடு ஓடும். கவச இடுக்கில் குத்துவதற்கென்று செய்தது. பின்னதை எவ்வளவு தீட்டினாலும் ஈரப்பாயில் பாதிவழியில் ஆப்பு மாதிரி இறுகிக்கொள்ளும். அது கெட்ட வாள் அல்ல, வேறு வேலைக்கான வாள். மீன் அரியும் கத்தியால் தேங்காய் உடைத்துப் பார்த்துவிட்டுக் கத்தியைக் குறை சொல்வது போலாகும். போட்டிக்காரர்கள் அதனால் அகலமான, நுனிப்பக்கம் மெலிந்த அலகைத் தேடிப் போகிறார்கள். பாய்க்கென்றே அளவுக்கு மீறி மெலிந்த வாளைப் பிடித்து வென்றுவிட்டு அதைப் பழைய வித்தை என்பது எனக்குச் சரியாகப் படவில்லை. சாச்சாவின் மகனிடமும் சொன்னேன். நடுத்தரமான ஒன்றை வாங்குவதாகச் சொன்னான்.

அலகின் நடுவே ஓடும் பள்ளம் இரத்தம் வழிவதற்கு அல்ல. பலம் குறையாமல் எடையைக் குறைப்பதற்கு.

ஜப்பானிய கட்டானாதான் உலகின் சிறந்த வாள் என்பார்கள். அதன் விளிம்பு மிகக் கடினம், முதுகு மென்மை. கோணம் பிசகி வெட்டினால் வளைந்து அப்படியே நின்றுவிடக்கூடும். ஐரோப்பிய வாள் வில்போல் மீண்டுவிடும். இரண்டும் அதனதன் இடத்தில் நல்லவை.

சுவரில் மாட்டும் பளபளப்பான வாளை யாரும் வீச வேண்டாம். அது பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகு, நீள அலகுக்கு ஆகாது. பிடிக்குள் போகும் வால் பென்சில் அளவுதான் இருக்கும். முறிந்தால் அலகு எங்கே பறக்கும் என்று சொல்ல முடியாது.

கடைசியாக ஒன்று, இது கதை அல்ல. நம் தேசியக் கொடியின் சிங்கம் வைத்திருப்பது கஸ்தானே என்ற வாள். ஆனாலும் 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு, இந்தக் கரையில் வாள் என்ற சொல்லையே தணிந்த குரலில்தான் சொன்னோம். மே மாதத் தொடக்கத்தில் வாள்களையும் பெரிய கத்திகளையும் ஒப்படைக்கும்படி பொலிஸ் அறிவித்தது. விளையாட்டு, கலை, வரலாறு என்று எவ்வளவு விளக்கினாலும் சில பொருட்களுக்குச் சில ஊர்களில் சில காலம் தேவைப்படுகிறது. ஆகவே சாச்சாவின் மகனுக்குச் சொன்னதையே வெளிநாட்டில் பழகும் மற்றப் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன்: வாளைக் காசு கொடுத்து வாங்குமுன் பழகுமிடத்தில் இரவல் வாங்கி நாலு பாய் வெட்டிப் பாருங்கள். ஊருக்கு வரும்போது அதைக் கொண்டுவராதீர்கள், பார்சலிலும் அனுப்பாதீர்கள். வீடியோ போதும்.