வண்டியோடு வந்த ஒலி: பிக்கப் வண்டிகளில் ஒலியமைப்பைச் சீராக்கும் இளம் கலைஞருக்கு ஒரு மடல்



அமெரிக்காவில் பிக்கப் வண்டிகளின் ஒலியமைப்பை மேம்படுத்தும் தொழிலுக்குப் புதிதாக வருபவர் முதலில் மனத்தில் இருத்த வேண்டியது ஒன்றுண்டு. தொழிற்சாலையிலிருந்து வண்டியோடு வரும் ஒலியமைப்பு, விலை, எடை, உத்தரவாதக் காலம், மின்செலவு ஆகிய நான்கையும் கணக்கிட்டுப் பொறியாளர்கள் எடுத்த முடிவுகளின் தொகுப்பாகும். அம்முடிவுகளுள் எவை இசையைக் கெடுக்கின்றன, எவை வண்டியின் பிற இயக்கங்களோடு பிணைந்துள்ளன என்று பிரித்தறிந்து, முன்னவற்றை மாற்றிப் பின்னவற்றைத் தொடாமல் விடுவதே இக்கலையின் சாரம். பழைய ஸ்பீக்கரைக் கழற்றி விலை கூடிய மற்றொன்றைப் பொருத்துவது இதில் மிகச் சிறிய பகுதியே.

இதை விளக்க ஃபோர்டு நிறுவனத்தின் எஃப்-150 வண்டியை எடுத்துக்கொள்ளலாம். 1948-இல் தொடங்கிய எஃப் வரிசையைச் சேர்ந்த இவ்வண்டி அமெரிக்கச் சாலைகளில் மிகுதியாகக் காணப்படுவது; 2015 மாடல் முதல் இதன் உடற்பகுதி அலுமினியக் கலவையால் ஆனதால், மின்னிணைப்பு வேலையில் தனிக் கவனத்தையும் கோருகிறது.

ஒலியின் தலைவாயில் ஹெட் யூனிட், அதாவது டாஷ்போர்டின் நடுவே திரையோடு அமைந்து பாடலைத் தேர்ந்து அனுப்பும் கருவி. பழைய வண்டிகளில் அதைக் கழற்றி வேறொன்று வைப்பதே முதல் வேலையாக இருந்தது. இன்றைய வண்டிகளிலோ ஏசி, பின்புறக் கேமரா, வண்டியின் அமைப்புகள் ஆகியவை அதே திரையில் இயங்குகின்றன. கதவு திறந்திருப்பதை உணர்த்தும் மணியோசை போன்ற எச்சரிக்கைகள்கூடப் பல வண்டிகளில் ஒலியமைப்பின் வழியாகவே வருகின்றன. ஆகவே அதை அப்படியே விட்டுவைத்து, அதிலிருந்து வெளிவரும் சிக்னலைச் சீர்செய்து புதிய ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புவதே பெரும்பாலும் உகந்த வழி.

ஆனால் அந்தச் சிக்னல் தூய்மையானதாக இருப்பதில்லை. சிறிய கதவு ஸ்பீக்கர்கள் கிழிந்துவிடாதிருக்க, ஒலியளவு கூடக்கூடக் கீழ்ச்சுருதியை, அதாவது பேஸை, ஹெட் யூனிட்டே படிப்படியாகக் குறைத்துவிடுவது தொழிற்சாலை அமைப்புகளில் பரவலான வழக்கம். இதையறியாமல் பெரிய ஆம்ப்ளிஃபயரும் பேஸுக்கென்றே உள்ள சப்வூஃபரும் வைப்பவர், மெதுவாகக் கேட்கும்போது அளவுக்கு மீறிய பேஸையும் உரக்கக் கேட்கும்போது வறண்ட ஒலியையும் பெறுவார். எனவே எதையும் வாங்குவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டும். ஒவ்வோர் ஆக்டேவிலும் சம ஆற்றல் கொண்ட பிங்க் நாய்ஸ் என்னும் சோதனை ஒலியை முதலில் குறைந்த அளவிலும் பிறகு கூடுதல் அளவிலும் ஓடவிட்டு, ஒவ்வொரு அதிர்வெண்ணின் வலிமையையும் கோடாக வரையும் ஆய்வுக் கருவியில் இரண்டு வரைபடங்களையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தால், தொழிற்சாலை எங்கே கத்தரி வைத்திருக்கிறது என்பது கண்முன் தெரிந்துவிடும். இழந்ததை மீட்கும் வேலையை டி.எஸ்.பி. என்னும் எண்ம ஒலிச் செயலியிடம் ஒப்படைக்கலாம். பேஸ் மீட்பு வசதி கொண்ட சிக்னல் மாற்றிகளும் சந்தையில் உள்ளன.

எஞ்சினோடு தொடர்புடைய ஒலிகளையும் இங்கே கருத வேண்டும். எக்கோபூஸ்ட் எஞ்சின் கொண்ட எஃப்-150 வண்டிகளில் எஞ்சின் முழக்கம் ஸ்பீக்கர் வழியாகக் கூட்டி ஒலிக்கப்படுவதை வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் 2015 ஜனவரியில் விரிவாக எழுதியது. இதற்கு மறுபுறமாக, இரைச்சல் நீக்கும் அமைப்புடைய வண்டிகளில் கேபின் கூரையிலுள்ள மைக்குகள் உள்ளே புகும் உறுமலைக் கேட்க, அவ்வமைப்பு அதற்கு நேரெதிர் அலையை ஸ்பீக்கர் வழியே வெளியிட்டு அதை அடக்குகிறது. அதே சிக்னலை வலிமை கூடிய சப்வூஃபருக்குக் கொடுத்தால் எதிர் அலை தன் அளவையும் காலத்தையும் இழந்து, பாட்டு ஓடாத வேளையிலும் காதை அழுத்தும் முனகலாக மாறுகிறது. இத்தகைய வண்டியில் அவ்வமைப்பை முறைப்படி செயல்நீக்கிய பின்னரே சப்வூஃபரை இணைக்க வேண்டும்.

சிக்னலுக்கு அடுத்து வருவது கதவு. ஸ்பீக்கரின் கூம்பு முன்னால் தள்ளும் காற்றலையும் பின்னால் தள்ளும் காற்றலையும் ஒன்றுக்கொன்று எதிரானவை. அவை சந்தித்தால் பேஸ் அழிந்துபோகிறது. தொழிற்சாலைக் கதவின் உள்தகட்டிலுள்ள பெரிய துளைகள் வெறும் பிளாஸ்டிக் தாளால் மூடப்பட்டிருப்பதால் இந்தக் கலப்பு எளிதில் நிகழ்கிறது. துளைகளை உறுதியான தகட்டால் அடைத்து, பியூட்டைல் ரப்பரின் மேல் அலுமினியத் தாள் ஒட்டிய டேம்பிங் ஷீட்டை வெளித்தகட்டின் நடுப்பகுதியில் அழுத்தி ஒட்டினாலே, பழைய ஸ்பீக்கரிலிருந்துகூடக் கூடுதல் பேஸ் வரும். அப்போது கதவின் அடிவிளிம்பிலுள்ள மழைநீர் வடிதுளைகளை மூடிவிடக் கூடாது; மூடினால் தேங்கும் நீர் கதவின் உட்புறத்தைக் கெடுத்துவிடும். புதிய ஸ்பீக்கரின் ஆழத்தைக் கண்ணாடியை முழுவதும் கீழிறக்கிய நிலையிலேயே அளக்க வேண்டும். ஏற்றிய நிலையில் தாராளமாகத் தெரியும் இடம், கண்ணாடி இறங்கியதும் ஸ்பீக்கரின் காந்தத்தில் இடிக்கும் அளவுக்குச் சுருங்கிவிடும்.

பிக்கப் வண்டியில் கார் போன்ற டிக்கி கிடையாது. சரக்குத் தொட்டி கேபினுக்கு வெளியே இருக்கிறது. ஆகவே சப்வூஃபருக்குக் கிடைப்பது பின்னிருக்கையின் அடியிலோ அதன் முதுகுக்கும் பின்சுவருக்கும் இடையிலோ உள்ள குறுகிய இடமே. அங்கே ஆழம் குறைந்த சப்வூஃபரை, காற்றுப் புகாமல் முழுவதும் மூடிய பெட்டியில் வைப்பது பொருந்தும். துளைவாய் கொண்ட பெட்டி கூடுதல் ஓசை தந்தாலும் கூடுதல் இடத்தையும் கேட்கும். 80 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறத்தாழ 4.3 மீட்டர் என்பதால், அதற்குக் கீழான பேஸ் எத்திசையிலிருந்து வருகிறது என்பதைக் காது எளிதில் கண்டுபிடிப்பதில்லை. எனவே சப்வூஃபர் பின்னால் இருப்பது குறையாகாது. ஆனால் பின்சுவரின் பிளாஸ்டிக் உறைகள் அதிர்ந்து சலசலத்தால் காது உடனே பின்னால் திரும்பும். அச்சலசலப்பை அடக்குவதும் சப்வூஃபர் வேலையின் ஒரு பகுதியே.

மின்னிணைப்பில் கணக்கு பேச வேண்டும், பெட்டியின் மேல் அச்சிட்ட எண் பேசக் கூடாது. ஒரு கணம் மட்டும் எட்டக்கூடிய உச்ச வாட் என்பது விளம்பரம். தொடர்ந்து தாங்கக்கூடிய ஆர்.எம்.எஸ். வாட் என்பதே அளவை. 500 வாட் ஆர்.எம்.எஸ். தரும் டி வகை ஆம்ப்ளிஃபயரின் திறன் 80 விழுக்காடு என்று கொண்டால், அது 625 வாட் உள்வாங்கும், 13.8 வோல்ட்டில் அது 45 ஆம்பியருக்குச் சற்று மேல். இந்த ஓட்டத்திற்கும் வயரின் நீளத்திற்கும் ஏற்ற தடிமனைத் தேர வேண்டும். வெளியே செம்பும் உள்ளே அலுமினியமுமான மலிவு வயர் அதே தடிமனுள்ள முழுச் செம்பு வயரைவிடக் குறைவாகவே மின்சாரத்தைக் கடத்தும் என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். பேட்டரியிலிருந்து சுமார் 45 சென்டிமீட்டருக்குள் ஃபியூஸ் அமைய வேண்டும் என்பது இத்துறையின் நிலைபெற்ற விதி. அந்த ஃபியூஸ் காப்பது ஆம்ப்ளிஃபயரை அன்று, வயர் உரசித் தீப்பிடிப்பதிலிருந்து வண்டியை.

எர்த் இணைப்பில்தான் அலுமினிய உடல் தன் வேறுபாட்டைக் காட்டுகிறது. அலுமினியத்தின் மேல் இயல்பாகப் படியும் ஆக்சைடு மின்சாரத்தைத் தடுக்கும். செம்பு முனையும் அலுமினியத் தகடும் ஈரத்தில் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருந்தால் அரிப்பு ஏற்படும். இரும்புத் தகட்டில் செய்வது போலக் கண்ட இடத்தில் துளையிட்டு ஸ்க்ரூ முடுக்காமல், தொழிற்சாலையே அமைத்துள்ள எர்த் போல்ட்டைப் பயன்படுத்துவதோ முன்புறம் வரை தனி எர்த் வயர் இழுப்பதோ நல்லது. அவ்வாறு இழுக்கும்போதும் வயரைப் பேட்டரியின் எதிர்மின்முனையில் நேராக மாட்டக் கூடாது. பல புதிய வண்டிகளில் அம்முனையில் மின்னோட்டத்தை அளக்கும் சென்சார் உள்ளது. அதைத் தாண்டி இணைத்தால் ஆம்ப்ளிஃபயர் எடுக்கும் மின்சாரம் வண்டியின் கணக்கில் வராமல், பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் முறை பிழைபடும்.

ட்வீட்டர், அதாவது உச்சச்சுருதிக்கான சிறு ஸ்பீக்கர், முன்கண்ணாடியை ஒட்டிய தூணில் பொருத்தப்படும்போது உயிர்ப் பாதுகாப்பு குறுக்கிடுகிறது. பக்கவாட்டுத் திரை ஏர்பேக் அத்தூணின் உறைக்குப் பின்னால் வரை நீண்டிருக்கக்கூடும். பேட்டரியைக் கழற்றி, வண்டியின் சர்வீஸ் கையேடு குறிப்பிடும் நேரம் காத்திருந்த பின்னரே உறையில் கை வைக்க வேண்டும். ஏர்பேக் விரியும் வழியின் குறுக்கே வயரையோ ட்வீட்டரையோ ஒருபோதும் வைக்கக் கூடாது.

பொருத்தி முடிந்தபின் வருவது இசைவுபடுத்தல். கலைஞரின் பெயர் நிற்பதும் கெடுவதும் இங்கேதான். ஆம்ப்ளிஃபயரின் கெய்ன் என்பது திருகி ஒலியளவைக் கூட்டும் குமிழன்று. உள்ளே வரும் சிக்னலின் வோல்ட்டேஜோடு ஆம்ப்ளிஃபயரைப் பொருத்துவதற்கானது. 4 ஓம் ஸ்பீக்கருக்கு 75 வாட் என்று முடிவுசெய்தால், சோதனை ஒலியை ஓடவிட்டு வெளியீட்டில் 17.3 வோல்ட் வரும்வரை திருகி நிறுத்தலாம். அலையின் தலை வெட்டுப்படுகிறதா என்பதை ஆஸிலோஸ்கோப்பில் பார்ப்பது அதைவிட உறுதியானது. அடுத்தது கால இசைவு. இடப்புறம் அமரும் ஓட்டுநருக்கு இடக்கதவு ஸ்பீக்கர் 90 சென்டிமீட்டரிலும் வலக்கதவு ஸ்பீக்கர் 140 சென்டிமீட்டரிலும் இருந்தால், ஒலி விநாடிக்கு 343 மீட்டர் செல்வதால், வலப்புற ஒலி ஏறத்தாழ 1.5 மில்லி விநாடி பிந்தி வரும். இடப்புறத்தை டி.எஸ்.பி.யில் அதே அளவு தாமதப்படுத்தினால், கதவோரம் ஒட்டிக்கிடந்த பாடகரின் குரல் டாஷ்போர்டின் நடுவுக்கு வந்து நிற்கும்.

வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டிய உண்மைகளும் உண்டு. ஆம்ப்ளிஃபயரின் வாட்டை இரட்டிப்பாக்கினால் கூடுவது 3 டெசிபல் மட்டுமே. வேலையிடச் செவிநலத்திற்கு அமெரிக்காவின் நியோஷ் நிறுவனம் பரிந்துரைக்கும் எல்லை 8 மணி நேரத்திற்கு 85 டெசிபல். ஒவ்வொரு 3 டெசிபல் ஏற்றத்திற்கும் அந்த நேரம் பாதியாகக் குறைவதால், 100 டெசிபலில் அது 15 நிமிடம்தான். உத்தரவாதத்தைப் பொறுத்தவரை, 1975-ஆம் ஆண்டின் மாக்னுசன்–மாஸ் சட்டப்படி வேறு நிறுவனத்தின் பாகம் பொருத்தப்பட்டது என்ற ஒரே காரணத்தால் வண்டியின் உத்தரவாதத்தை மறுக்க இயலாது. ஆயினும் அந்தப் பாகமோ பொருத்திய முறையோ உண்டாக்கிய கேட்டிற்கு உத்தரவாதம் பொருந்தாது. தொழிற்சாலை வயரை அறுக்காமல், அதே அச்சுடைய இணைப்பான்கள் வழியே வேலையை முடித்து, மாற்றிய ஒவ்வொன்றையும் படத்தோடு எழுதிக் கொடுப்பது இரு தரப்புக்கும் காப்பாகும்.

ஆகவே இத்தொழிலில் இறங்கும் இளம் கலைஞர் விலைப்பட்டியலைக் கையில் எடுப்பதற்கு முன் அளவுகோலை எடுக்க வேண்டும். சிக்னல், கதவு, மின்னிணைப்பு ஆகிய மூன்றும் சீரான பிறகே விலை கூடிய ஸ்பீக்கரைப் பரிந்துரைக்க வேண்டும். அம்மூன்றைச் சீர்செய்ததிலேயே வாடிக்கையாளரின் குறை தீர்ந்துவிட்டால், அந்த வேலைக்குரிய கூலியை மட்டும் பெற்றுக்கொண்டு பழைய ஸ்பீக்கர்களோடு வண்டியை அனுப்பிவைக்க வேண்டும் என்பதே இம்மடலின் வேண்டுகோள்.