அச்செழுத்தும் விசைப்பலகையும்

நுழையும் முன்

தமிழ்நாட்டுக்கு வெளியே வளரும் பிள்ளைகள் பலர் வீட்டில் தமிழைக் கேட்கின்றனர், பேசுகின்றனர். எழுதுவதற்கோ வாய்ப்பு மிகக் குறைவு. கல்விக்கென வந்துள்ள புதிய கருவிகள் இக்குறையை எந்த அளவுக்குப் போக்கும் என்பதைக் கொச்சி நகரத்துப் பழஞ்செய்தி ஒன்றிலிருந்து தொடங்கி ஆராய்கிறது இப்பாடம்.

கொச்சியில் தமிழர் குடியேறியது நேற்றோ இன்றோ அன்று. மட்டாஞ்சேரியின் கடைவீதிகளில் மிளகு, சுக்கு, ஏலக்காய் மூட்டைகளுக்கிடையே மலையாளம், கொங்கணி, குஜராத்தி ஆகிய மொழிகளோடு தமிழும் நெடுங்காலமாக ஒலித்து வருகிறது. அடுத்துள்ள வேலிப் பகுதியின் தோபிகானாவில் துணி வெளுக்கும் தமிழ்க் குடும்பங்களின் முன்னோர் டச்சுக்காரர் காலத்திலேயே இங்கு வந்தவர்கள் என்பர். ஆயினும் தமிழ் எழுத்துக்கும் இந்நகருக்கும் உள்ள உறவு அதனினும் பழைமையானது.

1578ஆம் ஆண்டு கொல்லத்தில் ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் சிறு நூல் அச்சிடப்பட்டது. இந்திய மொழி ஒன்றின் எழுத்துகளைக் கொண்டு இந்திய மண்ணில் அச்சான முதல் நூல் அதுவே. மறு ஆண்டு, அதாவது 1579இல், ‘கிரிசித்தியானி வணக்கம்’ என்னும் நூல் அச்சாயிற்று. அச்சான இடம் கொச்சி. அந்நாளில் போர்ச்சுகீசியர் வாழ்ந்த பகுதி இன்று ஃபோர்ட் கொச்சி என வழங்குகிறது; மட்டாஞ்சேரியிலிருந்து நடந்தே சென்றுவிடலாம். இவ்விரு நூல்களையும் தமிழில் ஆக்கியவர் அண்டிரிக் அடிகளார் எனத் தமிழர் அழைக்கும் போர்ச்சுகீசியத் துறவி. முத்துக்குளித்துறையில் வாழ்ந்து தமிழ் கற்ற அவர், அங்குள்ள மக்களுக்குச் சமயக் கல்வி அளிக்கவே இந்நூல்களை உருவாக்கினார். கொச்சி நூல் ஆசிரியர் வினவ, மாணவர் விடை கூறும் முறையில் அமைந்தது. பாடநூலுக்கு உரிய வடிவம்தான் அது.

அன்றைய உலகின் தகவல் தொடர்புத் தொழில்நுட்பம் அச்சுப்பொறி. ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்து இறங்கிய அந்தப் பொறிக்குத் தமிழ் தெரியாது. ‘க’வும் ‘கி’யும் ‘கு’வும் தனித்தனி வடிவங்களாதலால் ஒவ்வொன்றையும் உலோகத்தில் வார்க்க வேண்டியிருந்தது. முதலில் கோவாவிலும் பின்னர்க் கொல்லத்திலும் அவ்வேலை நடைபெற்றது. இலத்தீன் எழுத்துகளுக்கு அச்சு வார்ப்பவர் ஒப்புநோக்கில் குறைந்த வடிவங்களோடு பணியை முடித்துவிடலாம். தமிழுக்கு வார்த்தவர் அவ்வாறு முடித்திருக்க இயலாது. கருவி எதுவாயினும் அது தமிழ் அறிந்து வருவதில்லை. யாரேனும் ஒருவர் பொறுமையோடு அமர்ந்து அதற்குத் தமிழை ஊட்ட வேண்டும்.

ஏறத்தாழ நானூறு ஆண்டுகளுக்குப் பின் கணினி வந்தபோதும் இதே நிலைதான். கணினிக்குத் தெரிந்தவை எண்கள் மட்டுமே. ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண்ணைக் குறித்து, அந்த எண் வரும்போது திரையில் எந்த வடிவம் தோன்ற வேண்டும் எனக் கற்பித்தால்தான் அது எழுதும். இப்பணியில் முதலில் இறங்கியவர்களுள் பலர் தமிழ்நாட்டுக்கு வெளியே வாழ்ந்தவர்கள் என்பது எண்ணி மகிழத்தக்க செய்தி. 1980களில் கனடாவில் வாழ்ந்த சீனிவாசன் ‘ஆதமி’ என்னும் தமிழ் எழுதும் மென்பொருளை ஆக்கினார். மலேசியாவில் முத்து நெடுமாறன் ‘முரசு’ மென்பொருளை வடிவமைத்தார். சிங்கப்பூரில் ஆசிரியராகவும் எழுத்தாளராகவும் விளங்கிய நா. கோவிந்தசாமி தமிழை இணையத்தில் ஏற்றப் பாடுபட்டார். தமிழ் இணைய மாநாடுகளுள் முதலாவது 1997இல் அவருடைய முயற்சியால் அந்நகரில் கூடியது. 1998ஆம் ஆண்டு பொங்கல் திருநாளில் ‘மதுரைத் திட்டம்’ தோன்றியது. பழந்தமிழ் நூல்களை இணையத்தில் எவரும் விலையின்றிப் படிக்குமாறு தட்டச்சு செய்து வைக்கும் திட்டம் அது. அதனைத் தொடங்கி நடத்திய கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய அறிவியல் அறிஞர். பல நாட்டுத் தமிழர்கள் ஊதியம் எதுவும் பெறாமல், அலுவல் முடிந்த மாலை வேளைகளில் பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்து அனுப்பினர்.

இவர்கள் ஏன் முந்திக்கொண்டனர்? ஊரில் இருப்பவருக்குக் கடைக்குச் சென்றால் தமிழ் நாளிதழ் கிடைக்கும். நூலகத்துக்குச் சென்றால் தமிழ் நூல் கிடைக்கும். தொலைவில் வாழ்பவருக்கு அவ்வாறு கிடைக்காது. பசித்தவனே முதலில் அடுப்பு மூட்டுவான் அல்லவா?

அரசும் பின்னர் இதில் முனைந்தது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டின் பயனாக இரண்டு ஏற்பாடுகள் உருவாயின. ஒன்று, ‘தமிழ்99’ என்னும் பொது விசைப்பலகை. மற்றொன்று, உலகெங்கும் வாழும் தமிழரின் பிள்ளைகளுக்கு இணையவழியே தமிழ் கற்பிக்க 2001 பிப்ரவரி 17 அன்று தொடங்கப்பட்ட தமிழ் இணையப் பல்கலைக்கழகம். இன்று அது தமிழ் இணையக் கல்விக்கழகம் எனப்படுகிறது. மழலையர் பாடல் முதல் பட்டப்படிப்பு வரையிலான பாடங்களும், மின்னூலகமும், அகராதிகளும் அதன் தளத்தில் உள்ளன. மட்டாஞ்சேரியில் இருந்துகொண்டு ஒரு மாணவர் அவற்றைத் திறந்து படிக்கலாம்.

கேரளமும் இத்துறையில் பின்தங்கியது அன்று. 2001இல் இம்மாநில அரசு, பள்ளிகளில் தகவல் தொழில்நுட்பத்தைக் கற்பிக்கத் தனித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. அதுவே பின்னர் ‘கைட்’ என்னும் நிறுவனமாக வளர்ந்தது. 2004இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட எடுசாட் கல்விக்கென்றே அமைந்த செயற்கைக்கோள். அதன் துணையோடு ‘விக்டர்ஸ்’ கல்வித் தொலைக்காட்சியைக் குடியரசுத் தலைவர் ஆ. ப. ஜெ. அப்துல் கலாம் 2005இல் தொடங்கிவைத்தார். பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது, 2020 ஜூன் 1 அன்று அந்த அலைவரிசையில் ‘ஃபர்ஸ்ட் பெல்’ வகுப்புகள் தொடங்கின. மலையாளத்தில் மட்டுமன்றித் தமிழ்வழியிலும் கன்னடவழியிலும் பயிலும் மாணவர்க்கும் பாடங்கள் ஆயத்தம் செய்யப்பட்டன.

அந்த நாள்கள் ஓர் உண்மையைத் தெளிவாகக் காட்டின. தொலைக்காட்சியோ திறன்பேசியோ இல்லாத மாணவர்கள் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கேரளத்தில் இருப்பது தெரியவந்தது. அவர்களுக்காக நூலகங்களிலும் அங்கன்வாடிகளிலும் தொலைக்காட்சிகள் வைக்கப்பட்டன. கருவி கிடைத்தவர்க்கும் இடர் இல்லாமல் இல்லை. தொலைக்காட்சி பேசும், மாணவர் கேட்கலாம். மாணவர் கையுயர்த்தினால் தொலைக்காட்சிக்குத் தெரியாது. ஆகவே வகுப்பு முடிந்தபின் ஆசிரியர்கள் தொலைபேசியில் அழைத்து ஐயம் தீர்க்க வேண்டியிருந்தது. கேட்டுப் பழகுவதற்குத் திரை நல்ல துணை. எழுதப் பழக மாணவரின் கையே இயங்க வேண்டும்.

இங்கேதான் விசைப்பலகையின் பயன் புலப்படுகிறது. மட்டாஞ்சேரியில் வளரும் தமிழ்ச் சிறுமி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். கடைப்பலகையில் மலையாளம், பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும், வாரத்தில் சில பாடவேளைகள் மட்டும் தமிழ் என நான்கு எழுத்து முறைகளுக்கிடையே அவள் வளர்கிறாள். சங்கரன்கோவிலில் இருக்கும் ஆச்சிக்குக் கைபேசியில் செய்தி அனுப்புகிறாள். தமிழ்ச் சொற்கள்தாம், ஆனால் ஆங்கில எழுத்துகளில். ஆச்சி ஐந்தாம் வகுப்பு வரை தமிழ் படித்தவர். நாளிதழைத் தடுமாறாமல் வாசிப்பவர். பேத்தி அனுப்பிய செய்தியை மட்டும் அவரால் வாசிக்க இயலவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையை அழைத்துப் படிக்கச் சொல்கிறார். செய்தி சென்று சேர்ந்துவிட்டது. ஆனால் பேத்தி ஆச்சிக்கென்று எழுதியதை முதலில் அறிபவர் பக்கத்து வீட்டுப் பிள்ளை.

ஆங்கில எழுத்தில் எழுதுவதால் நேரும் இழப்பு இன்னொன்றும் உண்டு. ‘பனி’, ‘பணி’ ஆகிய இரு சொற்களும் அவ்வெழுத்தில் ஒன்றாகிவிடும். ‘அலை’, ‘அளை’ என்பவையும் அவ்வாறே. ‘மரம்’, ‘மறம்’ என்பவற்றின் வேறுபாடும் மறையும். கேரளத்தில் வாழும் மாணவர்க்கு இவ்வொலி வேறுபாடுகள் புதியவை அல்ல. மலையாளத்திலும் ழகரம், ளகரம், றகரம் உண்டு. தெருவில் நாள்தோறும் செவியில் விழுகின்றன. (மலையாளத்தில் ‘பனி’ என்றால் காய்ச்சல்; ‘பணி’ என்றால் வேலை. ஓரெழுத்து மாறினால் விடுப்பு விண்ணப்பத்தின் பொருளே மாறிவிடும்!) செவி அறிந்த வேறுபாட்டைக் கை மறந்துவிடலாகாது.

தமிழ்99 விசைப்பலகை தமிழ் இலக்கணத்தையே அடியொற்றி அமைந்தது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கம்; மெய்வரிசைகள் பெரும்பாலும் வலக்கைப் பக்கம். விரல்கள் இயல்பாக அமரும் நடுவரிசையில் அ, இ, உ, எ என்னும் குறில்கள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் நேர்மேலே அதன் நெடில் உள்ளது. அதே நடுவரிசையின் வலப்புறம் க, ப, ம, த, ந, ய என மிகுதியாகப் பயிலும் எழுத்துகள் அமைந்துள்ளன. ‘க’வைத் தட்டி ‘இ’யைத் தட்டினால் ‘கி’ தோன்றும். மெய்யும் உயிரும் கூடி உயிர்மெய் பிறக்கும் என்று நன்னூல் வகுப்பில் படித்த விதி விரல்நுனியில் நிகழ்கிறது.

புள்ளி தோன்றும் முறை அதனினும் சுவையானது. ஓலைச்சுவடியில் புள்ளி குத்தினால் ஓலை கிழியக்கூடும் என்பதால் எழுதியோர் பெரும்பாலும் புள்ளியை விட்டுவிட்டனர். படிப்பவரே இடமறிந்து புள்ளியைச் சேர்த்துப் படிக்க வேண்டும். தமிழ்99 முறையில் ஒரே மெய்வரிசையை இருமுறை தட்டினால் முன்னதற்குப் புள்ளி தானே விழுகிறது. அ, ம, ம, ஆ என நான்கு விசைகளைத் தட்டினால் ‘அம்மா’ என்னும் சொல் திரையில் நிற்கும். ‘ங’வைத் தட்டி அடுத்து ‘க’வைத் தட்டினாலும் ‘ங்க’ என்றே அமையும். தமிழில் இனமெழுத்துகள் இவ்வாறு சேர்ந்து வரும் என்பதை விசைப்பலகையை வகுத்தோர் கணக்கில் கொண்டனர். புள்ளி தானே விழாத இடங்களுக்கெனத் தனி விசையும் நடுவரிசையிலேயே உண்டு.

முதல் வாரத்தில் இம்முறை கடினமாகவே தோன்றும். ஆங்கில எழுத்துகளின் ஒலியைக் கொண்டு தமிழாக மாற்றித் தரும் வழி எளிதாயிற்றே எனப் பலர் அதற்கே திரும்பிவிடுவர். எளிது என்பது உண்மை. ஆனால் அவ்வழியில் எழுதுபவர் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும் முதலில் ஆங்கில எழுத்துகளாக எண்ணிப் பார்க்க வேண்டும். எழுத்தைக் கற்கும் பருவத்தில் உள்ளவர்க்கு அது சுற்றுவழி. பேசினால் எழுதித் தரும் வசதியும் இன்று கைபேசிகளில் உண்டு. அது விரைவானது, கண்ணொளி குறைந்தோர்க்கு அரிய துணை. ஆயினும் ‘வாழை’ என்று சொன்னவருக்கு ‘வாளை’ என எழுதிக் காட்டினால், பிழையைக் கண்டு திருத்துவதற்குத் தமிழ் அறிந்த கண் வேண்டும்.

தமிழ்99 விசைப்பலகையைப் பெரும்பாலான கைபேசிகளிலும் கணினிகளிலும் அமைத்துக்கொள்ளலாம். அமைப்புப் பகுதியில் மொழியைத் தேர்ந்து, அதனுள் இப்பெயரைத் தேட வேண்டும். சில கைபேசிகளில் தனிச் செயலியை நிறுவ நேரிடும். வீட்டிலுள்ள பெரியவரின் இசைவுடன் அதனைச் செய்க. வீட்டில் ஒரே ஒரு கைபேசி, அதுவும் தந்தையோடு வேலைக்குச் சென்றுவிடும் என்றால் கவலை வேண்டா. விசைப்பலகையின் படத்தை அட்டையில் வரைந்து, அதன்மேல் விரல் பதித்துப் பழகலாம். மாலையில் கைபேசி வீடு திரும்பும்போது விரல்களுக்கு வழி தெரிந்திருக்கும்.

சொல்லும் பொருளும்

அச்சு வார்த்தல் – உலோகத்தை உருக்கி எழுத்து வடிவம் செய்தல்
விடையிறுத்தல் – பதில் கூறுதல்
வழித்தோன்றல் – மரபில் வந்தவர்
இனமெழுத்து – பிறப்பிடத்தாலோ முயற்சியாலோ ஒத்த எழுத்து
இசைவு – ஒப்புதல்

பயிற்சி

1. கொச்சியில் 1579இல் அச்சான தமிழ் நூல் எது? அது எம்முறையில் அமைந்தது?

2. “கருவி தமிழ் அறிந்து வருவதில்லை.” இக்கூற்றை அச்சுப்பொறி, கணினி ஆகிய இரண்டையும் சான்று காட்டி விளக்குக.

3. ‘அக்கா’, ‘தங்கை’, ‘பட்டம்’ ஆகிய சொற்களைத் தமிழ்99 முறையில் எழுத எவ்வெவ்விசைகளைத் தட்ட வேண்டும் என வரிசையாக எழுதுக. எவ்விடத்தில் புள்ளி தானே விழும்? எவ்விடத்தில் புள்ளி விசை தேவைப்படும்?

4. தமிழிலும் மலையாளத்திலும் ஒன்றுபோல் ஒலித்துப் பொருள் வேறுபடும் சொற்கள் மூன்றினைத் தொகுத்து, இரு மொழிப் பொருளையும் எழுதுக.

5. ஊரில் உள்ள தாத்தா, ஆச்சி அல்லது உறவினர் ஒருவருக்கு ஐந்து வரிகளில் மடல் ஒன்றைத் தமிழ் எழுத்துகளில் தட்டச்சு செய்து அனுப்புக. கைபேசி இல்லாதோர் அஞ்சலட்டையில் எழுதுக. மறுமொழி வந்தால் வகுப்பில் உரக்கப் படிக்க.