பழுதுற்ற படகுத்தளமும் பல்லுறுப்பாக்கல் வினையும்
இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (வேதியியல்)

கட்டுமரம் ஏறிய நம் மீனவர் பலர் இன்று 'ஃபைபர்' படகில் கடலுக்குச் செல்கின்றனர். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் தமிழகக் கடற்கரையில் இப்படகுகள் பெருகின. பழையதான படகைத் தள்ளிவிட்டுப் புதியது வாங்குவது எளியோர்க்கு இயலாத செயல். எனவே அதைச் செம்மையாகப் புதுப்பிக்கும் முறையை அறிவது நலம். வகுப்பில் நாம் படிக்கும் வேதிவினைதான் அங்கே கடற்கரை மணலிலும் நிகழ்கிறது.

ஃபைபர் என்பது யாது?

கண்ணாடி இழையும் நிறைவுறாப் பாலியெஸ்டர் ரெசினும் இணைந்த கூட்டுப்பொருளே ஃபைபர். இழை வலிமை தருகிறது. ரெசின் இழைகளைப் பிணைக்கிறது. ரெசினில் கலந்துள்ள ஸ்டைரீன், பாலியெஸ்டர் சங்கிலிகளுக்கிடையே குறுக்குப் பாலங்களை அமைக்கிறது. ஒருமுறை இறுகிய பின் அது மீண்டும் உருகாது. ஆகவே இரும்பைப் பற்றவைப்பது போல் இதனை உருக்கி ஒட்ட இயலாது. இறுகிய பழைய பரப்பைப் புதிய ரெசின் பற்றிக்கொள்கிறதேயன்றி அதனோடு ஒன்றாகிவிடுவதில்லை. பழுதுபார்க்கும் விதிகள் பலவும் இவ்வுண்மையிலிருந்தே பிறக்கின்றன.

பழுதை அறிதல்

பல படகுகளின் மேல்தளத்தில் இரு ஃபைபர் ஏடுகளுக்கிடையே ஒட்டுப்பலகை இருக்கும். திருகாணித் துளை வழியே நீர் புகுந்தால் பலகை உளுத்துவிடும். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும். உளுத்த இடம் மந்தமாக ஒலிக்கும். காலால் மிதித்தால் அமிழும். மேலே ஒரு பூச்சு மட்டும் பூசுவது புண்ணை மூடி மறைப்பதற்கு ஒப்பாகும். அலையில் வலை இழுப்பவன் கால் ஊன்றும் இடம் அது என்பதை மறத்தல் ஆகாது.

புதுப்பிக்கும் முறை

முதலில் மேல் ஏட்டை வெட்டி எடுத்து, உளுத்த பலகையை முற்றிலும் நீக்கி, நன்கு உலரவிட வேண்டும். பின்னர் புதிய பலகையின் எல்லாப் பக்கங்களிலும் ரெசின் பூசிப் பதிக்க வேண்டும். பழைய ஏட்டின் விளிம்பை 1:12 என்ற அளவில் சரிவாகத் தேய்த்தல் வேண்டும். தடிப்பு 5 மி.மீ. எனின் சரிவின் நீளம் 60 மி.மீ. பற்றும் பரப்பு பெருகுவதால் இணைப்பு உறுதிபெறும். அதன்மேல் கண்ணாடி இழைப்பாய்களை ஒவ்வொன்றாக ரெசினில் நனைத்துப் பதித்து, உருளையால் காற்றுக்குமிழிகளை வெளியேற்ற வேண்டும். காற்றிலுள்ள ஆக்சிஜன் வினையைத் தடுப்பதால் மேற்பரப்பு பிசுபிசுக்கும். கடைசிப் பூச்சில் சிறிது பாரஃபின் மெழுகு கலந்தால் அது மேலே படலமாகி ஆக்சிஜனைத் தடுக்கும்.

எச்சரிக்கை

ரெசினை இறுகச் செய்யும் பெராக்சைடு பொதுவாக 1 முதல் 2 விழுக்காடு போதும். இது வெப்பம் உமிழும் வினை; அளவு மிகுந்தால் சூடேறி விரிசல் விழும். முடுக்கியான கோபால்ட் உப்பையும் பெராக்சைடையும் நேரடியாகக் கலத்தல் கூடவே கூடாது. தீப்பற்றும், வெடிக்கவும் கூடும். ஒன்றை ரெசினில் நன்கு கலக்கிய பின்னரே மற்றதைச் சேர்க்க வேண்டும். பலகைக்குப் பதில் தெர்மோகோல் வைத்தால் ஸ்டைரீன் அதைக் கரைத்துவிடும். ஸ்டைரீன் ஆவியும் இழைத்தூசும் உடலுக்குத் தீங்கானவை. தகுந்த முகமூடி, கண்ணாடி, கையுறை மூன்றும் இன்றியமையாதவை.

இத்தொழிலாளர் பலர் அனுபவத்தால் அளவறிந்தவர்கள். அவர்களுக்குக் கைத்திறனைக் கற்பிக்க நமக்குத் தகுதியில்லை. ஆனால் எதை எதனோடு கலக்கலாகாது, ஏன் கலக்கலாகாது என்பதை எளிய தமிழில் எடுத்துரைக்க வேதியியல் மாணவரால் இயலும். அதுவே கற்ற கல்விக்குப் பயனாகும்.