அச்சும் பலகையும்

செங்கல் அறுக்கும் களத்தின் அருகே சிறிது நேரம் நிற்பவர் ஓர் அரிய காட்சியைக் காணலாம். தொழிலாளி ஒருவர் பிசைந்த களிமண்ணை மரச்சட்டத்துள் அறைந்து, மேலே மிகுந்ததை வழித்துவிட்டுச் சட்டத்தை மெல்லத் தூக்குகிறார். செங்கல் ஒன்று உருப்பெற்றுத் தரையில் அமர்கிறது. சட்டம் நூறு முறை எழுந்தால் நூறு கற்கள். நூறும் ஒரே அளவின. கரும்பாலையிலோ காய்ச்சிய பாகு குழிகளில் வார்க்கப்பட்டு அச்சுவெல்லமாகிறது. சுவாமிமலைச் சிற்பியர் மெழுகால் ஓர் உருவம் சமைத்து, அதன்மேல் காவிரியின் வண்டல் மண்ணைப் பூசி உலர்த்தி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அவ்வெற்றிடத்தில் உலோகத்தை வார்க்கின்றனர். மண்ணுக்கும் பாகுக்கும் உலோகத்துக்கும் இவ்வாறு வடிவம் தருகின்ற கருவியை அச்சு என்று வழங்குகின்றோம்.

அச்சு என்னும் சொல்லுக்கு மற்றொரு பொருளும் உண்டு. வண்டியின் இரு சக்கரங்களையும் இணைத்துச் சுமையைத் தாங்கும் இருசும் அச்சு எனப்படும். இவ்விரு பொருளும் ஒருங்கே பொருந்திய விளையாட்டுக் கருவி ஒன்று உண்டு. அதுவே சறுக்குப்பலகை. அதன் நான்கு உருளைகள் சுழல்வதற்கு இரண்டு அச்சுகள் வேண்டும். அதன் பலகை வளைவு பெறுவதற்கோ வேறோர் அச்சு வேண்டும். பின்னதைப் பற்றியே இப்பாடம் கூறுகின்றது.

அமெரிக்காவின் கலிபோர்னியாக் கடற்கரையில் அலைமேல் பலகையூர்ந்து விளையாடுவோர், அலை ஓய்ந்த நாட்களில் தரையிலும் அவ்வாறே ஊர விரும்பினர். 1950களில் அவர்கள் சாதாரண மரப்பலகையின் அடியில் உருளைகளைப் பொருத்திக்கொண்டனர். இரும்பாலும் களிமண் கலவையாலும் ஆன பழைய உருளைகள் சிறு கல் தடுத்தாலும் நின்று, ஊர்பவரை வீழ்த்தின. 1970களில் பாலியூரித்தேன் என்னும் மீள்திறன் மிக்க பொருளால் உருளைகள் செய்யப்பட்ட பின்னர் இவ்விளையாட்டு உலகெங்கும் பரவியது. 2021இல் டோக்கியோவில் நிகழ்ந்த ஒலிம்பிக்கில் இது முதன்முறையாக இடம்பெற்றது. மகளிர் வீதிப் பிரிவில் தங்கப்பதக்கம் வென்ற ஜப்பான் நாட்டு மொமிஜி நிஷியாவுக்கு அப்போது வயது 13. தமிழகமும் இவ்விளையாட்டுக்குப் புதியதன்று. மாமல்லபுரத்துச் சிறுமி கமலி சறுக்குப்பலகை பயின்ற வரலாறு, அவள் பெயராலேயே 2019இல் ஒரு குறும்படமாக வெளிவந்து பல நாட்டவர் உள்ளத்தைக் கவர்ந்தது.

சறுக்குப்பலகையை உற்று நோக்குவோர், அது தட்டையான பலகை அன்று என்பதை உணர்வர். அதன் இரு முனைகளும் மேல்நோக்கி வளைந்திருக்கும். நடுப்பகுதியும் இரு விளிம்புகளிலும் சற்றே உயர்ந்து, உள்ளங்கையைச் சிறிது குவித்தாற்போலக் குழிந்திருக்கும். முனையைக் காலால் அழுத்தினால் பலகை எழும். விளிம்பின் உயர்வு பாதத்தை நழுவவிடாது பற்றும். குழிவு பலகைக்கு விறைப்பையும் தரும். ஆகவே, வளைவு அழகுக்காக அமைந்ததன்று. ஊர்பவரின் காவலுக்காக அமைந்தது.

இவ்வளைவைத் தடித்த பலகையைச் செதுக்கிப் பெறலாகாதோ எனின், ஆகாது. மரத்தின் நார்கள் நீளவாட்டில் ஓடுகின்றன. வளைவாகச் செதுக்கும்போது நார்கள் இடையே அறுபடும். அறுபட்ட இடத்தில் பலகை பிளக்கும். ஆதலின், ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் கனமுள்ள மெல்லிய மரத்தகடுகள் ஏழினைப் பசையிட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பசை உலருமுன் வளைத்து அழுத்துகின்றனர். வட அமெரிக்காவின் குளிர்நாட்டில் வளரும் மேப்பிள் மரமே இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. ஏழு தகடுகளில் ஐந்தின் நார்கள் நீளவாட்டிலும், இரண்டின் நார்கள் குறுக்குவாட்டிலும் அமைவது வழக்கம். பாவும் ஊடும் பின்னித் துணிக்கு உறுதி தருதல் போல, இவ்விரு போக்கும் கூடிப் பலகைக்கு உறுதி தருகின்றன. பசை காய்ந்தபின் தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று நகர இயலாது. ஆகவே வளைவும் மாறாது நிற்கும்.

தகடுகளை வளைத்து அழுத்துவதற்கு மேல், கீழ் என இரு பகுதிகளை உடைய அச்சு வேண்டும். தொழிற்சாலைகளில் பேரழுத்தப் பொறிகள் உண்டு. தம் வீட்டுக் கொல்லையிலேயே பலகை செய்ய முயன்ற ஆர்வலர் பலர், கான்கிரீட்டால் அச்சு வார்க்கும் முறையைக் கைக்கொண்டனர். கான்கிரீட்டு மலிவானது; குழைவாக இருக்கும்போது எவ்வடிவத்தையும் ஏற்பது; இறுகியபின் பேரழுத்தத்தைத் தாங்குவது.

கான்கிரீட்டுக்கு உயிராக இருப்பது சிமெண்டு. 1824இல் ஜோசப் ஆஸ்ப்டின் என்னும் ஆங்கிலேயர் போர்ட்லண்டு சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் மூலப்பொருளாகிய சுண்ணாம்புக்கல், பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் நிலத்தடியிலே பரந்து கிடக்கிறது. பெரம்பலூருக்கு வடக்கே, திருச்சிராப்பள்ளியினின்று சென்னை செல்லும் நெடுஞ்சாலையின் மருங்கில் இரஞ்சன்குடிக் கோட்டை நிற்கிறது. 1751இல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் வாலிகண்டபுரத்துப் பகுதியில் பொருத போரைக் கண்ட கோட்டை அது. அதன் மதில்கள் கல்லின் பெருமையைப் பேசுகின்றன. அங்கிருந்து தென்கிழக்கே அரியலூர்ப் பக்கம் சென்றாலோ, கடலின் பழமையைப் பேசும் கற்களைக் காணலாம்.

பல கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அந்நிலம் கடலாக இருந்தது. கடல்வாழ் உயிர்களின் ஓடுகள் அடியில் படிந்து, காலப்போக்கில் சுண்ணாம்புப் பாறையாயின. நத்தைபோல் சுருண்ட ஓடுடைய அம்மோனைட்டு என்னும் உயிரினத்தின் எச்சங்கள் அங்கே கிடைக்கின்றன. இவ்வகை ஓட்டின் உட்புறத்தில் சேறு புகுந்து இறுகியபின் ஓடு கரைந்துபோனால், அதன் உட்புற வடிவம் கல்லிலே எஞ்சி நிற்கும். மனிதன் அச்சு வார்க்கக் கற்பதற்கு நெடுங்காலம் முன்னரே இயற்கை அத்தொழிலைச் செய்துவிட்டது. அந்தச் சுண்ணாம்புக்கல்லே இன்று களிமண்ணோடு சேர்ந்து, ஏறத்தாழ 1450 பாகை வெப்பத்தில் சூளையில் வெந்து, சிறிது ஜிப்சத்தோடு அரைபட்டுச் சிமெண்டாகிறது.

இரஞ்சன்குடியை ஒத்த சிற்றூரில் வாழும் இளைஞன் ஒருவன், தன் கையாலேயே சறுக்குப்பலகை செய்ய விரும்புகிறான் என்று கொள்வோம். அவன் முதலில் செய்ய வேண்டுவது பலகையன்று; அச்சும் அன்று; மூலப்படிவம் ஆகும். வேண்டிய வளைவை மரத்திலோ களிமண்ணிலோ அமைத்து, உப்புத்தாள் கொண்டு தேய்த்து, வழுவழுப்பாக்கி எண்ணெய் பூச வேண்டும். அதைச் சுற்றி மரச்சட்டம் கட்டி, மேலே கான்கிரீட்டை வார்க்க வேண்டும். மெழுகில் பதித்த முத்திரை போல, படிவத்தின் மேடு அச்சில் பள்ளமாகும், பள்ளம் மேடாகும். இதனை மறவாது படிவத்தைத் தலைகீழாக அமைத்தல் வேண்டும்.

கலவைக்குச் சிமெண்டு ஒரு பங்கு, மணல் இரண்டு பங்கு, சிறு சல்லி மூன்று பங்கு என்பது ஏற்ற அளவு. நீரோ, சிமெண்டின் எடையில் பாதிக்கு மேற்படலாகாது. நீர் மிகுந்தால் கலவை எளிதில் ஓடும். ஆனால் மிகுந்த நீர் பின்னர் உலர்ந்து வெளியேற, அவ்விடமெல்லாம் நுண்துளைகளாகிக் கான்கிரீட்டின் வலிமை குன்றும். வார்க்கும்போது சட்டத்தின் பக்கங்களைத் தட்டிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்ற வேண்டும். ஈரச் சிமெண்டு தோலை அரிக்கும் இயல்பினது. ஆதலின் கையுறையின்றி அதனைத் தொடுதல் தகாது.

கான்கிரீட்டு அழுத்தத்தைத் தாங்குவதில் வல்லது. இழுப்பைத் தாங்குவதில் மெலிந்தது. அழுத்தத்தைத் தாங்கும் வலிமையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கே இழுப்பைத் தாங்கும் வலிமை. ஆகவே, அச்சின் உள்ளே இரும்புக் கம்பிகளை நீளவாட்டிலும் குறுக்கிலும் வைத்து வார்த்தால், வளைக்கும் விசை வந்தாலும் அச்சு எளிதில் உடைந்துபோகாது.

கான்கிரீட்டு உலர்ந்து இறுகுகிறது என்று பலர் கருதுவர். உண்மை அதற்கு மாறானது. சிமெண்டு நீரோடு வேதிவினை புரிந்தே இறுகுகிறது. நீர் வற்றிவிட்டால் வினையும் நின்றுவிடும். ஆதலின் வார்த்த மறுநாள் முதல் ஈரச் சாக்கினைப் போர்த்தி, ஏழு நாட்களேனும் நீர் தெளித்துவருதல் வேண்டும். பொறியியலார் 28 நாட்கள் கழித்தே அதன் வலிமையை அளந்து உறுதி செய்கின்றனர். கொத்தனார் எவரைக் கேட்பினும் இவ்வுண்மையைக் கூறுவர். அவசரத்தால் அச்சை முன்னரே பயன்படுத்துவோன், தான் பட்ட பாடனைத்தையும் ஒரே நாளில் இழப்பான்.

கீழ்ப்பகுதி முற்றிய பின்னரே மேற்பகுதியை வார்க்க வேண்டும். இங்கே ஒரு நுட்பம் உண்டு. ஒன்றின்மேல் ஒன்றை நேரடியாக வார்த்தால், இரண்டும் இடைவெளியின்றிப் பொருந்தும். ஆனால் இடையே வைக்கும் பலகைக்கோ 11 மில்லிமீட்டர் கனம் உண்டு. வளைவின் உட்புறமும் வெளிப்புறமும் ஒரே வட்டத்தின் பகுதிகள் அல்ல. எனவே அதே கனமுள்ள, வளையக்கூடிய இரப்பர் விரிப்பைக் கீழ்ப்பகுதியின்மேல் படியவைத்து, அதன்மேல் பிளாஸ்டிக் தாளை விரித்து, மேற்பகுதியை வார்க்க வேண்டும். பின்னர் விரிப்பை நீக்கினால், பலகைக்குரிய இடம் சரியாக அமைந்திருக்கும்.

நீளம் 90, அகலம் 30, கனம் 15 சென்டிமீட்டர் உள்ள ஒரு பகுதி ஏறக்குறைய 97 கிலோகிராம் எடை இருக்கும். அதனை ஒருவர் தனியே தூக்க முயல்வது இடர் தரும், இருவரேனும் வேண்டும்.

இனி அழுத்தும் பணி. பசையிட்ட ஏழு தகடுகளையும் அச்சின் இடையே வைத்து, பசை ஒட்டாதிருக்க மேலும் கீழும் பிளாஸ்டிக் தாளிட்டு, உறுதியான இரும்புச் சட்டத்துள் அமைத்து, சரக்குந்தைத் தூக்கும் ஜாக்கியால் அழுத்துவர். தகட்டின் நீளம் 80 சென்டிமீட்டர், அகலம் 25 சென்டிமீட்டர் எனின், அதன் பரப்பு 2,000 சதுர சென்டிமீட்டர். 20 டன் விசை தரும் ஜாக்கி, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 10 கிலோகிராம் அழுத்தத்தைத் தரும். நன்கு முற்றிய கான்கிரீட்டோ சதுர சென்டிமீட்டருக்கு 200 கிலோகிராம் வரை தாங்கவல்லது. ஆயினும் ஜாக்கியின் விசை முழுவதும் ஒரே புள்ளியில் விழலாகாது. இடையே தடித்த இரும்பு உத்தரம் வைத்து விசையைப் பரவச் செய்தல் வேண்டும். சட்டத்தின் பற்று தளர்ந்தால் இரும்பு தெறித்து ஊறு விளைக்கும். ஆகவே தொழில் அறிந்த மூத்தோர் அருகிருக்க இதனைச் செய்தலே முறை.

ஓர் இரவு கடந்தபின் அச்சைத் திறந்தால், தட்டையாக உள்ளே சென்றவை வளைந்த ஒரே பலகையாக வெளிவரும். பசையின் ஈரம் முற்றும் நீங்கச் சில நாட்கள் விட்டு, பின்னர் உருவம் அறுத்து, துளையிட்டு, உருளைகளைப் பொருத்துவர்.

செய்த பலகையில் பிழை காணப்படின், அதன் காரணத்தை எங்கே தேடுவது? பலகை ஒருபுறம் முறுக்கிக்கொண்டிருப்பின், அச்சின் இரு பகுதிகளும் நேராகப் பொருந்தவில்லை என்பது பொருள். நடுவே தகடுகள் ஒட்டாது இடைவெளி நின்றிருப்பின், அவ்விடத்தில் அச்சு பள்ளமாக இருந்தது என்பது பொருள். அவ்விடைவெளி வெளியே தெரியாது. ஊர்பவர் துள்ளி எழுந்து இறங்கும் கணத்தில் பலகை அங்கே முறியும். அவரது கையோ காலோ அதற்கு விலை கொடுக்கும். பலகையைத் தேய்த்து மெருகிடுவதால் இப்பிழை நீங்காது. அச்சைத் திருத்தினாலன்றி, அடுத்த பலகையிலும் அதற்கடுத்த பலகையிலும் அதே பிழை அதே இடத்தில் தோன்றிக்கொண்டே இருக்கும்.

சுவாமிமலைச் சிற்பியின் மண் அச்சு ஒருமுறை வார்த்ததும் உடைக்கப்படுகிறது. அதில் நேர்ந்த பிழையும் அதனோடு ஒழிகிறது. கான்கிரீட்டு அச்சோ உடையாது நிலைத்துப் பல பலகைகளைத் தருகிறது. அதன் நன்மையும் பலவாகப் பெருகும். அதன் தீமையும் பலவாகப் பெருகும். ஆதலின் பலகை செய்வோன் கொள்ளும் கவனத்தினும், அச்சுச் செய்வோன் கொள்ளும் கவனம் மிகுதியாக இருத்தல் வேண்டும். படிவத்தைத் தேய்க்கும் பொழுதும், நீரை அளக்கும் பொழுதும், ஈரச் சாக்கினைப் போர்த்திக் காத்திருக்கும் பொழுதும், இன்னும் பிறவாத பலகைகள்மீது ஊரப்போகும் சிறுவர் சிறுமியரை அவன் நினைவில் கொள்ளல் வேண்டும். பிறருக்கு வடிவம் தரும் பொறுப்பை ஏற்றவர் யாவரும் முதலில் தம்மைச் செம்மை செய்துகொள்ளக் கடமைப்பட்டவர் என்பதை, வாயில்லாத அச்சு தான் தரும் ஒவ்வொரு பலகையாலும் சொல்லிக்கொண்டிருக்கிறது.