கலையும் அரசாங்கக் கருவூலமும்

கலைஞன் பசித்திருத்தலாகாது என்பதை மறுப்பார் இலர். ஆனால், அவனுக்குப் படியளக்கும் கை எதுவாக இருத்தல் வேண்டும் என்று வினவுவோமாயின், அங்கே கருத்து வேற்றுமை தோன்றுகின்றது. முற்காலத்தில் மன்னரும் செல்வரும் தம் பொருளைத் தம் விருப்பிற்கேற்ப ஈந்தனர். குடியரசிலோ கருவூலத்துப் பொருள் குடிகளுடையது. அதனை நாடகத்துக்கும் ஓவியத்துக்கும் செலவிடலாமா? செலவிடின், எது தக்க கலை என்று தீர்ப்பவர் யாவர்? இவ்விரு வினாக்களையும் ஒன்றாக மயங்குவதனாலேயே இவ்வாதம் பெரிதும் குழப்பமடைகின்றது. அமெரிக்க ஐக்கிய நாடுகளின் அனுபவத்தைத் துணையாகக் கொண்டு இதனைச் சிறிது ஆராய்வோம்.

1929-ஆம் ஆண்டில் தொடங்கிய பொருளாதார வீழ்ச்சியால் அந்நாட்டில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் தொழிலிழந்து வாடினர். 1935-இல் ரூஸ்வெல்ட்டின் அரசாங்கம், பாலம் கட்டுவோர்க்கும் சாலை போடுவோர்க்கும் வேலை கொடுத்தது போலவே, நடிகர்க்கும் வேலை கொடுக்க முன்வந்தது. இவ்வாறு எழுந்த கூட்டரசு நாடகத் திட்டத்திற்கு வாஸர் கல்லூரி ஆசிரியை ஹாலி ஃப்ளானகன் அம்மையார் தலைவியாயினர். 1936-இல் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின நடிகர்களே நடித்த ‘மாக்பெத்’ நாடகம் இத்திட்டத்தின் பெரும்புகழ் பெற்ற படைப்புகளுள் ஒன்று. அதுகாறும் நாடக மேடையையே கண்டறியாத எளிய மக்கள் பலர் இத்திட்டத்தினால் நாடகம் கண்டு மகிழ்ந்தனர்.

ஆயினும், உதவியோடு ஐயமும் உடன்பிறந்தது. தொழிலாளர் போராட்டத்தைப் பொருளாகக் கொண்ட இசை நாடகம் ஒன்று 1937-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அரங்கேற இருந்தபோது, செலவுக் குறைப்பைக் காரணமாகக் காட்டி மேலிடத்தார் அதனை நிறுத்தி வைத்தனர். அரங்கின் கதவும் பூட்டப்பட்டது. நடிகர்கள் வேறோர் அரங்கிற்குச் சென்று, மேடையேற அனுமதியின்மையால் அவையோர் நடுவே இருந்த இடத்திலேயே எழுந்து நின்று நடித்தனர். 1938-ஆம் ஆண்டு டிசம்பரில் சட்டசபை விசாரணைக் குழுவொன்று ஃப்ளானகன் அம்மையாரை அழைத்து விசாரித்தது. அவர் தம் கட்டுரையொன்றில் மார்லோ என்னும் பெயரைக் குறித்திருந்தமையால், அம்மார்லோ பொதுவுடைமைக் கட்சியினரோ என உறுப்பினர் ஒருவர் வினவினர். 1593-ஆம் ஆண்டிலேயே மாண்ட ஆங்கில நாடகாசிரியரைப் பற்றி எழுந்த வினா இது! அவையில் நகைப்பு எழுந்தது. எனினும், 1939-ஆம் ஆண்டு ஜூன் 30-ஆம் நாளோடு காங்கிரஸ் அத்திட்டத்தையே முடித்துவிட்டது. கலையை அறியாதார் கையில் கலையின் உயிர் இருப்பின் நேர்வது யாதென்பதை இந்நிகழ்ச்சி தெளிவுறக் காட்டுகின்றது.

1965-இல் தேசியக் கலை நிதியம் தோன்றியபோது, இப்பாடத்தை நினைவிற்கொண்டோர் அதன் சட்டத்திலேயே ஒரு வேலி அமைத்தனர். பொருள் அளிப்பது அரசாங்கம். ஆயினும், எதற்கு அளிப்பது என்பதில் கலைத்துறை வல்லோர் குழுக்கள் ஆராய்ந்து கருத்துரைக்கும் முறை ஏற்பட்டது.

இம்முறைக்கும் 1989-இல் பெருஞ்சோதனை நேர்ந்தது. கிறிஸ்துவின் சிலுவையுருவை இழிபொருளில் அமிழ்த்தி ஆண்ட்ரெஸ் செரானோ எடுத்த நிழற்படம், நிதியத்தின் உதவி பெற்ற பரிசுத் திட்டமொன்றில் இடம்பெற்றமை வெளிப்பட்டது. ஜெஸ்ஸி ஹெல்ம்ஸ் முதலிய செனட்டர்கள் கொதித்தெழுந்தனர். இவர்தம் வாதத்தை எளிதில் தள்ளுதல் நேர்மையன்று. தான் தொழும் உருவை இகழ்வதாகத் தோன்றும் ஒன்றிற்குத் தன் உழைப்பின் பயன் செல்லுமாயின், ஏழைக் குடியானவன் நெஞ்சம் வருந்தாதோ? ‘வரைபவன் வரையட்டும், என் வரிப்பணம் எதற்கு?’ என்று அவன் வினவுவானாயின், அதில் நியாயம் இல்லையென்று கூற இயலாது.

1990-இல் காங்கிரஸ், பொதுவான ஒழுக்க நெறியையும் மக்களின் பல்வகை நம்பிக்கைகளையும் கருத்திற்கொண்டே நிதியளிக்க வேண்டுமென விதித்தது. 1998-இல் உச்சநீதிமன்றம் இவ்விதியை ஏற்றது. ஆயினும், வேண்டாத கருத்துடையோரை ஒறுக்கும் கருவியாக இது பயன்படுமாயின் அது வேறு வழக்காகும் என்றும் குறித்தது. இதற்கிடையே, 1996-இல் நிதியத்தின் தொகை ஏறக்குறைய நூற்றுக்கு நாற்பது பங்கு குறைக்கப்பட்டது. 2017-லும் 2025-லும் நிதியத்தையே ஒழிக்குமாறு குடியரசுத் தலைவரின் வரவு செலவுத் திட்டங்கள் முன்மொழிந்தன. 2024-இல் அதற்கு ஒதுக்கப்பெற்ற தொகை 20 கோடியே 70 இலட்சம் டாலர். தலைக்கு ஒரு டாலரும் ஆகாத சிறுதொகையே. ஆகவே, வழக்கு பணத்தைப் பற்றியது அன்று; தீர்ப்புரிமையைப் பற்றியதே என்பது விளங்கும்.

உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது நம் பழமொழி. ஆனால், இங்கே உப்பிட்டவர் யார்? ஆசனத்தில் அமர்ந்திருக்கும் உறுப்பினர் அல்லர், குடிமக்களே. கலைஞன் நன்றி பாராட்ட வேண்டுவது அவர்களுக்கே. ஆள்வோரைப் புகழ்ந்து பாடுதல் அந்நன்றி ஆகாது. எவ்வளவு கொடுப்பது, கணக்கு நேராக உள்ளதா என்பவற்றைச் சட்டசபை தீர்க்கட்டும்; எதைத் தெரிவது என்பதைத் துறையறிந்தோர் தீர்க்கட்டும். அத்துறையறிந்தோரும் ஒரே குழுவினராக நிலைத்துவிடாது, காலந்தோறும் மாறி வருதல் வேண்டும். இவ்வெல்லை காக்கப்படின் உதவி உதவியாக நிற்கும். அழியின் அதுவே விலங்காகும்.

இதற்குச் சான்றாக ஒரு நிகழ்ச்சி. வியட்நாம் போரில் மாண்டோர்க்கு நினைவுச்சின்னம் அமைக்க 1981-இல் வாஷிங்டனில் ஒரு போட்டி நடைபெற்றது. சின்னத்தைக் கட்டும் செலவைத் தனியார் நன்கொடை ஏற்றது. போட்டிக்கோ கலை நிதியம் உதவிற்று. பெயர் மறைத்து எண் மட்டும் இட்டு வந்த 1,400-க்கு மேற்பட்ட வரைவுகளினின்று நடுவர் தெரிந்தெடுத்தது ஒன்று. அதனை வரைந்தவர், யேல் பல்கலைக்கழகத்தில் பயின்ற மாயா லின் என்னும் 21 வயது மாணவி. மாண்டோர் பெயர்களைத் தாங்கிய கருங்கற் சுவரே அவர் கண்ட வடிவம். அரசியலார் சிலர் அதனை இழிவென்று பழித்தனர். 1982-இல் சுவர் எழுந்தது. அன்றுதொட்டுத் தம் மக்களை இழந்த தாய்மார் அச்சுவரில் பெயரைத் தேடி, விரலால் தடவிக் கண்ணீர் உகுத்து வருகின்றனர். அன்று பழித்தோரிடமே தெரியும் உரிமையும் இருந்திருக்குமாயின், அத்தாய்மார்க்கு அச்சுவர் கிட்டியிராது.