குமரிக்குப் புயல் வராதா?

தக்கலை பேருந்து நிலையத்தில் புயல் பேச்சு எழுந்தால், "அதெல்லாம் கடலூருக்கும் நாகப்பட்டினத்துக்கும், நமக்குத்தான் மலை உண்டே" என்று முடித்துவைக்க ஒருவர் இருப்பார். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயலைப் பார்த்த ஊரில் இப்படியும் பேச முடிகிறது.

இந்த நம்பிக்கைக்கு ஒரு வேர் உண்டு. குமரி கிட்டத்தட்ட 8 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்க, பூமியின் சுழற்சி காற்றுக்குத் தரும் திருகல் குறைந்துவிடும். அதனால் இந்தப் பக்கம் புயல் அரிது. மலைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மலை இருப்பது வடக்கிலும் கிழக்கிலும். தெற்கே திறந்த கடல். ஒக்கி அந்த வழியாகத்தான் வந்தது. நவம்பர் 29 அன்று இலங்கை அருகே காற்றழுத்தத் தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலையிலேயே புயலாகிவிட்டது. வங்கக்கடல் புயல்கள் பல, மூன்று நான்கு நாள் தொலைக்காட்சியில் ஓடிய பிறகே கரைக்கு வரும். குமரிக்குக் கிடைத்தது ஓர் இரவு.

"கரையைக் கடக்கவில்லையென்றால் தப்பித்தோம்" என்பது அடுத்த நம்பிக்கை. ஒக்கி குமரியில் கரையைக் கடக்கவே இல்லை. தெற்கே கடல்மேல் நகர்ந்து லட்சத்தீவு நோக்கிப் போனது. அதற்கே குலசேகரம், திருவட்டாறு பக்கத்து ரப்பர் மரங்கள் முறிந்து கிடந்தன. வாழைத் தோட்டங்கள் படுத்துவிட்டன. ஆயிரக்கணக்கில் மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாள்கணக்கில் இருளில் இருந்தன. ஆழ்கடலில் இருந்த தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை மீனவர்களில் பலர் திரும்பவே இல்லை. புயல் கடற்கரைக்காரர்களின் கவலை மட்டும் என்று விளைக்காரர்கள் நினைக்க இனி இடமில்லை.

போதிய எச்சரிக்கையின்றி ஒக்கி வந்ததற்கு நேர்மாறானதும் நடந்தது. 2020 டிசம்பரில் புரெவிப் புயலுக்காகத் தென்மாவட்டங்களுக்கு விடுமுறை விட்டார்கள். அது ராமநாதபுரம் கடலோரம் வரை வந்து வலுவிழந்தது. "சொன்னா வராது, சொல்லாட்டாதான் வரும்" என்ற கேலி அதிலிருந்து வளர்ந்தது. சிவப்பு எச்சரிக்கை சோதிடமல்ல, உடனே செயலில் இறங்கச் சொல்லும் அறிவிப்பு. வராமல் போனால் ஒரு நாள் வேலைதான் நட்டம்.

துறைமுகத்தில் ஏற்றும் கூண்டு எண்ணையும் பலர் தவறாகவே படிக்கிறார்கள். 8-ஐவிட 10 பலமான புயல் என்றல்ல. 8, 9, 10 மூன்றுமே பெரும் அபாயம். துறைமுகத்துக்கு எந்தப் பக்கமாகப் புயல் கடக்கும் என்பதில்தான் வேறுபாடு. அது கப்பலுக்கான மொழி. தக்கலையில் வீட்டுக்கூரை நிற்குமா என்பதற்கு அதில் விடை கிடையாது.

கூரை விஷயத்தில்தான் ஆபத்தான நம்பிக்கைகள் அதிகம். தகர ஷீட்டின்மேல் பழைய டயரும் கல்லும் தூக்கி வைத்தால் போதும் என்பார்கள். காற்று கூரையை மேலிருந்து அழுத்துவதைவிட, இறவாரத்தின் அடியில் புகுந்து தூக்குவதே அதிகம். ஷீட் கிளம்பினால் கல்லும் சேர்ந்து பறக்கும். துருப்பிடித்த போல்ட்டை மாற்றுவதும் சட்டத்தோடு இறுகக் கட்டுவதும்தான் வேலை. கதவு, சன்னலைத் திறந்து விட்டால் காற்று வந்தவழி போய்விடும் என்பதும் தவறு. உள்ளே நுழைந்த காற்றும் கூரையைக் கீழிருந்து தள்ளும். எல்லாவற்றையும் அடைப்பதே நல்லது. வீட்டின்மேல் சாய்ந்திருக்கும் பலா, அயினிக் கிளைகளைக் காற்று அடிக்கும்போது அல்ல, செப்டம்பரிலேயே கழிக்க வேண்டும்.

கரண்ட் போய்விட்டது, கீழே கிடக்கும் கம்பியைத் தாண்டலாம் என்று நினைத்துவிடக் கூடாது. யாரோ ஒருவர் வீட்டு ஜெனரேட்டரைத் தவறாக இணைத்திருந்தாலும் அந்தக் கம்பியில் மின்சாரம் வரலாம். ஜெனரேட்டரை வீட்டுக்குள் ஓட்டினால் புகையிலுள்ள மணமில்லாத நச்சு வாயுவே ஆளைக் கொல்லும்.

புயல் என்று பெயர் வைத்தால்தான் பயப்பட வேண்டுமா? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது; அதற்குப் பெயரே இல்லை. ஐப்பசி, கார்த்திகைதான் புயல் காலம் என்பதும் பாதி உண்மை. அரபிக்கடலில் டவ்தே புயல் உருவானது 2021 மே மாதம்.

ஆகவே தயாரிப்பு, செய்தி வரும் நாளில் தொடங்குவதல்ல. கரண்ட் இல்லாவிட்டால் மோட்டார் ஓடாது. கிணற்றுக்கு வாளியும் கயிறும் வேண்டும். மாத்திரை, டார்ச், பத்திரங்கள், ரேஷன் கார்டு ஒரே பையில் இருக்கட்டும். தெருவில் தனியாக இருக்கும் முதியவர்களை அழைத்துவரப் போவது யார் என்பதை இப்போதே பேசி வையுங்கள். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. சுவரில் எழுதி வையுங்கள், கைபேசியில் சார்ஜ் தீர்ந்தாலும் பக்கத்து வீட்டிலிருந்து கூப்பிடலாம்.