கணிப்பொறிப் பாதுகாப்பில் மேற்படிப்பு: நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

தமிழகமும் கேரளமும் சந்திக்கும் மலைமுகட்டில் அமைந்த சிற்றூர் போடிமெட்டு. கிழக்கே 17 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து இறங்கினால் போடிநாயக்கனூர். மேற்கே இடுக்கி மாவட்டத்தின் ஏலக்காய்த் தோட்டங்கள். இத்தோட்டங்களின் விளைச்சல் போடிநாயக்கனூரிலும் புற்றடியிலும் உள்ள நறுமணப் பொருள் வாரியத்தின் மின்னணு ஏல மையங்களில் விலை போகிறது. வணிகர்கள் கணிப்பொறியின் முன் அமர்ந்து விலை கேட்கின்றனர். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ ஒன்றுக்கு 7,000 ரூபாய் விலை கிடைத்தது.

அத்தகைய நாளொன்றில் வணிகர்களின் கணக்கு விவரங்கள் வெளியானால் என்னாகும்? முடிந்த ஏலத்தின் பதிவில் ஓர் எண் மாற்றப்பட்டால்? ஏலத்தின் நடுவே கணிப்பொறிகள் செயலிழந்தால்? மறைவு, மாறாமை, தடையின்மை ஆகிய இம்மூன்றையும் காப்பதே கணிப்பொறிப் பாதுகாப்பு எனப்படும் துறையாகும். 2022 நவம்பரில் புதுதில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணிப்பொறிகள் தாக்கப்பட்டபோது, நோயாளிகளின் பதிவுகள் பல நாட்கள் கையாலேயே எழுதப்பட்டன. மூன்றாவது கேள்வி வெறும் கற்பனையன்று.

போடிநாயக்கனூர், பைனாவு ஆகிய இடங்களின் அரசு பொறியியற் கல்லூரிகளில் பட்டம் பெறும் மலைப்பகுதி மாணவர் மேற்படிப்பை நாடும்போது, பெரும்பாலும் நிறுவனத்தின் புகழையோ தொலைவையோ கருதியே முடிவு செய்கிறார். இது போதாது. இத்துறை ஒன்றல்ல, ஒரே பெயரில் வழங்கும் பல துறைகளின் தொகுப்பாகும்.

செய்தியை மறைத்து அனுப்பும் மறையீட்டியல், அடிப்படையில் கணிதமே. எண்கணிதத்தில் நாட்டமுள்ளவருக்குக் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் கழகம் பொருத்தமானது. மறையீட்டியலுக்கும் பாதுகாப்புக்கும் எனத் தனி எம்.டெக். படிப்பு அங்கே உண்டு. கணிதத்தை வெறுப்பவர் அங்கு சேர்வது இரண்டு ஆண்டுத் துன்பமாகவே முடியும்.

வன்பொருளின் பாதுகாப்பு வேறுவகை. செயலிகளின் வடிவமைப்பிலேயே இருந்த குறைகளால் இரகசியங்கள் கசியக்கூடும் என்பது 2018 ஜனவரியில் உலகுக்குத் தெரியவந்தது. எந்த மென்பொருளைப் பூட்டினாலும், அடியிலிருக்கும் சில்லு காட்டிக்கொடுத்தால் பயனில்லை. 'சக்தி' என்னும் செயலியை உருவாக்கிய சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் இப்பிரிவுக்கு ஏற்ற களமாகும்.

மின்நிலையம், குடிநீர் வழங்கல் போன்றவற்றை இயக்கும் கட்டுப்பாட்டு அமைப்புகள் மூன்றாவது வகை. 2019இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் நிர்வாக வலைப்பின்னலோடு இணைந்த ஒரு கணிப்பொறியில் தீங்குநிரல் இருந்ததை அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. உலையை இயக்கும் வலைப்பின்னல் தனித்திருந்ததால் அது பாதிக்கப்படவில்லை. இவ்வாறு பிரித்து வைக்கும் கலையைப் பயில விழைபவர் கான்பூர் தொழில்நுட்பக் கழகத்தை நோக்கலாம். பாலக்காட்டு எல்லையை ஒட்டிய எட்டிமடையில் அமிர்தா பல்கலைக்கழகம் நடத்தும் எம்.டெக். படிப்பு, போடிமெட்டு மாணவருக்கு இவற்றைவிட அருகில் உள்ளது. எனினும் அருகாமை மட்டுமே ஒரு தகுதியாகிவிடாது.

ஆகவே, முதலில் வினா, பின்னர் அவ்வினாவில் உழைக்கும் ஆசிரியர், அதன்பின்னரே நிறுவனம். ஓர் ஆசிரியர் கடந்த மூன்று ஆண்டுகளில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரைகளின் தலைப்புகளைப் படித்தாலே பாதி விடை கிடைத்துவிடும். விளம்பர ஏடுகள் இதைச் சொல்வதில்லை.

படிப்பின் வகையும் கருதத்தக்கது. எம்.டெக். பெரும்பாலும் பாடங்களால் ஆனது. சென்னைக் கழகத்தில் உள்ள எம்.எஸ். பட்டமோ ஆராய்ச்சியை மையமாகக் கொண்டது. பின்னதில் வழிகாட்டியின் தேர்வே பாதி வெற்றி. சேர்க்கைக்கான கேட் தேர்வு கணினியியலின் அடிப்படைகளையே பெரிதும் சோதிக்கிறது. அதன் மதிப்பெண் மூன்றாண்டுகள் செல்லும். முதல் ஆண்டில் விரும்பிய இடம் கிட்டாதவர், கிடைத்த ஏதோ ஒன்றில் சேராமல் காத்திருக்க இயலும் என்பது பலர் கவனிக்காத செய்தி.

பணமும் ஒரு காரணி. கேட் தகுதியுடன் மத்திய அரசின் நிறுவனங்களில் எம்.டெக். சேர்வோர்க்கு மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை வழங்கப்பட்டு வருகிறது. தோட்டக் கூலியை நம்பியுள்ள குடும்பத்தின் பிள்ளைக்கு இத்தொகை, படிப்பா வேலையா என்னும் கேள்வியையே மாற்றிவிடுகிறது. தனியார் பல்கலைக்கழகங்களில் கட்டணமும் உதவித்தொகையும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். சேருமுன் எழுத்தில் கேட்டுப் பெறுதல் நலம். அதே கடிதத்திலேயே, சென்ற ஆண்டு படிப்பை முடித்தோர் இப்போது எங்கே பணிபுரிகின்றனர் என்றும் கேட்கலாம்.